பருப்பு யார் தட்டில்?

 

நவராத்திரி வந்தால் சென்னை மயிலாப்பூரில் வீட்டுக்கு வீடு சுண்டல். ஒன்பது நாளும் கடலை, பயறு. அப்புறம்? பழையபடி தண்ணீர்ச் சாம்பார், அப்பளம், பஜ்ஜி. புலால் உண்ணாத வீட்டில் இதுதான் கோளாறு. எண்ணெய் ஏறும், புரதம் இறங்கும். நம்ம ஊரில் மட்டும் வேறா?

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் சொன்ன அளவைக் கேளுங்கள். 2000 கலோரி உணவில் நாளொன்றுக்குப் பருப்பு, பயறு 85 கிராம். எண்ணெய், நெய் சேர்த்து 27 கிராம், அதாவது சுமார் 6 தேக்கரண்டி.

அரிசிப் புரதத்தில் உள்ள குறையைப் பருப்பு ஈடுகட்டும். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு போடுங்கள். வேர்க்கடலையில் புரதம் உண்டு. கொழுப்பு அதைவிட அதிகம். ஒரு கைப்பிடி போதும். வறுப்பதைவிட அவிப்பது நல்லது. மோர், தயிரும் சேரட்டும்.

கடைசியாக ஒன்று, ஐயா. உங்கள் மனைவி எல்லாருக்கும் பரிமாறிவிட்டு உட்காரும்போது பாத்திரத்தில் பருப்பு இருக்கா, வெறும் ரசமா? எட்டிப் பாருங்க. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் புரதம் கூடுதலாக வேணும். அவர் பங்கை முதலிலேயே எடுத்து வையுங்கள்.