கேமரா வாங்கும் முன் சென்சார் அளவைக் கேளுங்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



போன மாதம் நம் தெருவில் ஒரு பைக் களவு போனது உங்களுக்குத் தெரியும். கேமராவில் பதிவு இருந்தது. ஆனால் முகமும் தெரியவில்லை, வண்டி எண்ணும் தெரியவில்லை. படம் முழுக்க மணலை வாரி இறைத்தது போல் புள்ளிகள். இப்போது புதுக் கேமராக்களுக்கு வசூல் நடக்கிறது. "8 மெகாபிக்சல் சார், சூப்பரா தெரியும்" என்கிறார் கடைக்காரர். நான் கேட்பது வேறு: சென்சார் என்ன அளவு?

லென்சுக்குப் பின்னால் வெளிச்சத்தைப் பிடிக்கும் சில்லுதான் சென்சார். தூறல் விழும்போது மொட்டை மாடியில் பத்து டம்ளர்களை வையுங்கள். ஒன்றில் 3 துளி இருக்கும், பக்கத்தில் 6 இருக்கும். பத்து அண்டா வைத்தால் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். வெளிச்சமும் துளித்துளியாகத்தான் வருகிறது. சராசரியாக 100 ஒளித்துகள் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் சுமார் 10, அதாவது 10 சதவீதம். 10,000 விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, வெறும் 1 சதவீதம். நாம் பார்த்த மணல் புள்ளிகள் பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கம்தான். இதை 'நாய்ஸ்' என்கிறார்கள்.

டம்ளர் சீக்கிரம் நிரம்பி வழியும். பைக் ஹெட்லைட் பட்ட இடம் வெறும் வெள்ளையாகிப் போவது அதனால்தான். அதே படத்தில் இருட்டு மூலை கறுப்பாகவே கிடக்கும். இருட்டையும் வெளிச்சத்தையும் ஒரே படத்தில் பிடிக்கும் திறனுக்கு 'டைனமிக் ரேஞ்ச்' என்று பெயர். மாலையில் நம் மலைக்கோட்டையை எச்.டி.ஆர். இல்லாமல் போனில் எடுத்துப் பாருங்கள். வானம் சரியாக வந்தால் பாறை இருண்டுவிடும். பாறை தெரிந்தால் வானம் வெளுத்துவிடும்.

கல்யாண வீடுகளில் வரும் ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் 36 × 24 மி.மீ. தெருக் கேமராக்களில் 1/2.8 இன்ச் என்பது சாதாரணம். அது மூலைக்கு மூலை சுமார் 6.5 மி.மீ.தான். 1/1.8 இன்ச் என்றால் சுமார் 9 மி.மீ., பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. சாய்கோட்டுக்குக் கீழே உள்ள எண் குறையக் குறைய சென்சார் பெரிது.

அதே சிறு சென்சாரில் 2 மெகாபிக்சலுக்குப் பதில் 8 போட்டால், ஒவ்வொரு பிக்சலுக்கும் கால் பங்கு வெளிச்சம்தான். பகலில் பரவாயில்லை; திருடன் பகலில் வருவதில்லையே!

சென்சார் மட்டும் போதாது. லென்சும் முக்கியம்: எஃப் 2.0 லென்சைவிட எஃப் 1.0 நான்கு மடங்கு வெளிச்சம் விடும். எரியாத தெருவிளக்கைச் சரிசெய்வது எல்லாவற்றையும்விடச் செலவு குறைவு.

என் வேண்டுகோள் ஒன்றுதான். பணம் கட்டும் முன், ஒரு கேமராவை இரவு 10 மணிக்கு நம் தெருமுனையில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஹெட்லைட் போட்டபடி ஒரு பைக் போகட்டும். எண் தெரிந்தால் வாங்குவோம். நாம் பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்காரர்கள். இழுத்துப் பார்க்காமல் பூட்டு வாங்க மாட்டோம். கேமராவையும் அப்படியே வாங்குவோம்.