இரும்புச் சத்தமும் சுரங்கத் தொழிலாளர் குரலும்

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இசையும் போராட்டமும் பற்றிப் பேச அழைத்தீர்கள். உங்களில் பலர் கேட்டிருக்க வாய்ப்பில்லாத ஓர் இசைத்தட்டைப் பற்றிப் பேசுகிறேன். 1985இல் பிரிட்டனில் வெளியானது. பெயர் 'ஷோல்டர் டு ஷோல்டர்', அதாவது தோளோடு தோள். அதை இரு தரப்பினர் சேர்ந்து உருவாக்கினார்கள். ஒரு தரப்பு, தெற்கு லண்டனின் நியூ கிராஸ் பகுதியில் 1981இல் தொடங்கிய 'டெஸ்ட் டிபார்ட்மென்ட்' என்ற இளைஞர் குழு. மறுதரப்பு, வேலைநிறுத்தத்தில் இருந்த தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களின் பாடகர் குழு.

முதலில் அந்த இசை வகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 'இன்டஸ்ட்ரியல்' என்ற பெயர், லண்டனில் 'த்ராப்பிங் கிரிஸில்' குழுவினர் 1976இல் தொடங்கிய 'இன்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்' நிறுவனத்திலிருந்து வந்தது. இயந்திரச் சத்தம், ஒலிநாடாத் துண்டுகள், மின்னணுக் கருவிகளின் இரைச்சல், இவைதான் அதன் மூலப்பொருள். சில ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சல்ஸில் 'டெத் ராக்' வளர்ந்தது. 'கிறிஸ்டியன் டெத்' குழுவின் முதல் இசைத்தட்டு 1982இல் வந்தது. சாவும் மதமும் அச்சமும் அதன் பாடுபொருள். கனடாவின் 'ஸ்கின்னி பப்பி' போன்ற குழுக்கள் இந்த இருட்டையும் இயந்திர இரைச்சலையும் எலக்ட்ரானிக் இசையோடு கலந்தன.

இந்த இசை எனக்குப் பிடிக்கும். ஆனால் அதில் ஓர் உறுத்தலும் உண்டு. பிறர் வலியை அது எளிதாக அலங்காரமாக எடுத்துக்கொள்கிறது. 'இன்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்' தன் சின்னமாக வைத்திருந்தது ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் படத்தை. கேட்பவர்களை உலுக்குவதற்காக என்று சொல்லலாம். அந்த முகாமில் தாய் தகப்பனைப் பறிகொடுத்தவருக்கு அது என்னவாகத் தெரியும் என்ற கேள்வியும் இருக்கிறது. கொடுமையைக் காட்டுவது வேறு, கொடுமைக்கு ஆளானவரோடு நிற்பது வேறு. இந்த இடத்தில்தான் 'டெஸ்ட் டிபார்ட்மென்ட்' எனக்கு முக்கியமாகிறது.

அவர்களின் வாத்தியங்கள் பழைய இரும்புச் சாமான்கள். மூடப்பட்ட தொழிற்கூடங்களிலிருந்தும் குப்பைமேடுகளிலிருந்தும் பொறுக்கிய தகடுகள், சுருள்வில்கள், பீப்பாய்கள். பலர் சேர்ந்து ஒரே தாளத்தில் அவற்றை அடிப்பார்கள். அந்தத் தகடுகள் ஏன் குப்பைக்கு வந்தன? தாட்சர் ஆட்சியில் ஆலைகள் வரிசையாக மூடப்பட்டுக்கொண்டிருந்தன. வாத்தியம் கிடைத்த இடமே அவர்களை அரசியலுக்கு இழுத்துவந்தது என்பது என் வாசிப்பு.

1984 மார்ச்சில் தேசிய நிலக்கரி வாரியம் 20 சுரங்கங்களை மூடப்போவதாக அறிவித்தது. சுமார் 20,000 பேருக்கு வேலை போகும் நிலை. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது ஓராண்டு நீடித்தது. ஜூன் 18 அன்று ஆர்கிரீவ் கற்கரி ஆலை முன்பு கூடிய தொழிலாளர்கள்மீது குதிரைப்படை பாய்ந்தது. 95 பேர்மீது வழக்குப் போடப்பட்டது. காவல்துறையின் சாட்சியம் நிற்காமல் 1985இல் அந்த வழக்கு சரிந்தது. 1991இல் 39 பேருக்கு மொத்தம் 4,25,000 பவுண்டு இழப்பீடு கொடுத்தது தெற்கு யார்க்ஷயர் காவல்துறை. தவறு என்று ஒப்புக்கொள்ளாமலேயே கொடுத்தது.

இதற்கிடையில், 1984 ஆகஸ்டில் தென் வேல்ஸ் சங்கத்தின் நிதியை நீதிமன்றம் முடக்கியது. சம்பளம் கிடையாது, சங்கத்தின் பணத்தையும் தொட முடியாது. சுரங்க ஊர்களில் அடுப்பெரிய வெளியிலிருந்து பணம் வரவேண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் 'டெஸ்ட் டிபார்ட்மென்ட்' தொழிலாளர்களுக்காக நிதிதிரட்டும் நிகழ்ச்சிகளை நடத்தியது. பாடகர் குழுவோடு மேடையைப் பகிர்ந்தது. இசைத்தட்டு விற்ற பணமும் போராட்ட நிதிக்குத்தான் போனது.

அந்தத் தட்டைக் கேட்டால் ஒன்று உடனே புரியும். தேவாலயத்திலும் சுரங்க ஊர்களிலும் வளர்ந்த பல குரல் ஆண்கள் பாடகர் மரபு வேல்ஸுக்கு உண்டு. தொழிலாளர்கள் அந்த மரபிலேயே, தங்கள் குரலிலேயே பாடுகிறார்கள். லண்டன் இளைஞர்கள் தங்கள் இரும்பை அடிக்கிறார்கள். தொழிலாளரின் பாட்டை வெட்டி ஒட்டி நவீனமாக்கும் வேலை நடக்கவில்லை. 'உங்களுக்காக நாங்கள் பேசுகிறோம்' என்ற தோரணையும் இல்லை. இரு தரப்பும் ஒரே தட்டில் அவரவராகவே இருக்கிறார்கள். 1986இல் வந்த அவர்களின் அடுத்த தட்டிலும், கென்ட் பகுதிச் சுரங்கத் தொழிலாளி ஆலன் சட்கிளிஃப் காவல்துறை வன்முறையைத் தன் வாயாலேயே சொல்கிறார்.

குறையும் உண்டு. அது ஆண்கள் பாடகர் குழு. சமையற்கூடம் நடத்தி, நிதி திரட்டி, மறியலிலும் நின்று அந்தப் போராட்டத்தைத் தாங்கிய பெண்களின் குரல் அந்தக் குழுவில் இல்லை. உழைக்கும் மக்கள் என்றதும் ஓங்கிய சுத்தியலும் ஆண் உடம்பும் மட்டும் கண்ணுக்குத் தெரிவது நம் கலைகளிலும் உள்ள பழக்கம்தான்.

போராட்டம் தோற்றது. 1985 மார்ச் 3 அன்று 98க்கு 91 என்ற வாக்கில் வேலைக்குத் திரும்ப முடிவானது. ஓராண்டுக்குப் பிறகும் தென் வேல்ஸில் 93 விழுக்காட்டினர் உறுதியாக நின்றிருந்தார்கள். மார்டி சுரங்கத்தில் ஒருவர்கூட இடையில் வேலைக்குப் போகவில்லை. கொடி பிடித்து, பேண்டு வாத்தியத்தோடு ஊர்வலமாகத்தான் திரும்பினார்கள். அந்தச் சுரங்கமும் 1990இல் மூடப்பட்டது. ஓர் இசைத்தட்டால் எந்தச் சுரங்கத்தையும் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் சில வீடுகளில் சோறு பொங்க உதவியது. தோற்றவர்களின் குரலை, அவர்கள் பாடியபடியே நமக்கு விட்டுச்சென்றது.

சாதி எதிர்ப்பு மேடையில் இதை ஏன் பேசுகிறேன் என்று கேட்கலாம். ஒடுக்கப்பட்டவரின் வலியைப் பற்றிப் படம் எடுக்கிறார்கள், பாட்டு எழுதுகிறார்கள். என்னைப் போன்றவர்கள் முனைவர் பட்டமும் வாங்குகிறோம். அந்தப் படைப்பில், அந்த ஆய்வில், சம்பந்தப்பட்டவர் தன் குரலில் பேச எவ்வளவு இடம் இருக்கிறது? வருகிற பணமும் பெயரும் யாருக்குப் போகிறது? இந்த இரண்டு கேள்விகளையும் அந்தத் தட்டிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். என் ஆய்வேட்டிடமும் அவற்றைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்களும் கேளுங்கள்.