தாயின் காதுக்கு எட்டாத எச்சரிக்கை



பிரித்தானியாவில் கருவுற்ற தாய் 10 வாரங்களுக்குள் மருத்துவிச்சியைச் சந்தித்தல் நன்று. 11 முதல் 14 வாரங்களுக்குள் முதல் ஸ்கான். 18 முதல் 21 வாரங்களுக்குள் குழந்தையின் உறுப்புகளை ஆராயும் ஸ்கான். தெற்காசியருக்குக் கருக்கால நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு அதிகம் என்பதால், 24 முதல் 28 வாரங்களுக்குள் அதற்கான பரிசோதனையும் உண்டு.

பெரும்பாலும் 16 முதல் 24 வாரங்களுக்குள் குழந்தையின் அசைவு தெரியத் தொடங்கும். கடைசி மாதத்தில் அசைவு குறைவது இயல்பு என நம்மவர் கூறுவது தவறு. குறைந்தால், இரவாயினும் உடனே மகப்பேற்றுப் பிரிவை அழைக்க வேண்டும்.

என் மனைவிக்கு நானே மொழிபெயர்த்தேன். அவர் அஞ்சுவாரென்று இந்த எச்சரிக்கையை மட்டும் சொல்லாது விட்டேன். ஓரிரவு அசைவு குறைந்தது. அவர் விடியும்வரை பேசாதிருந்தார். குழந்தை நலமாகப் பிறந்தது. அது எங்கள் நற்பேறு, என் அறிவன்று.

சகோதரர்களே, துணையாகச் செல்லுங்கள், மொழிபெயர்ப்பாளராகச் செல்லாதீர்கள். தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளர் இலவசம். முதற் சந்திப்பிலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தன் உடல் பற்றிய செய்தியை முழுமையாக அறிவது தாயின் உரிமை.