எழுதினது படத்துக்குள்ளேயே இருக்கட்டும்



செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறினாலும் ஏறியது, அதன் இராஜகிரி மலைக்கு மேலே இருக்கிற வானத்துக்கு நிம்மதி போய்விட்டது. எந்தப் படத்தைப் பார்த்தாலும் ஆரஞ்சு மேகம், ஊதா அந்தி. செல்போனில் ஒரு தட்டுத் தட்டினால் வானமே மாறிவிடுகிறது. மேலே அந்தி மேகம் நிற்கும். கீழே பாறையில் விழுந்திருக்கிற நிழலோ உச்சி வெயில் நிழல். இதற்குத்தான் இப்போது எடிட்டிங் என்று பேர்.

கேமரா வாங்கின தம்பிகள் திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் என்னைத் தேடி வந்து கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணே, எடிட் பண்ண எந்த சாஃப்ட்வேர் நல்லது?" நான் திருப்பிக் கேட்பேன்: "போன மாசியில மேல்மலையனூர் மயானக் கொள்ளைக்குப் போனியே தம்பி, அந்தப் படத்தை இப்ப எடுத்துக் காட்டு பார்ப்போம்." தம்பி மடிக்கணினியைத் திறப்பார். 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் 2', அதற்குள்ளே இன்னொரு 'நியூ ஃபோல்டர்'. தேடிக்கொண்டே இருப்பார்.

அதனால், திருத்துகிற மென்பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். பொழுதுபோக்காகப் படம் எடுக்கிறவருக்கு வேண்டிய வேலை நாலைந்துதான். கோணலை நிமிர்த்த வேண்டும், ஓரத்தை வெட்ட வேண்டும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும், வெள்ளையை வெள்ளையாக்க வேண்டும். மரக்காணம் உப்பளத்தில் எடுத்துப் பாருங்கள், கேமராவின் ஒளியளவி ஏமாந்துபோய் உப்பைச் சாம்பல் நிறத்தில் காட்டும். அதைச் சரிசெய்ய எந்த மென்பொருளும் போதும். ரா கோப்பாக எடுக்கிறவர்களுக்கு டார்க்டேபிள் இருக்கிறது, ராதெரபி இருக்கிறது. ஒரு படத்தை மட்டும் உட்கார்ந்து இழைக்க கிம்ப் இருக்கிறது. மூன்றும் இலவசம், மூன்றும் கட்டற்றவை. மாதச் சந்தா கட்டுகிற வசதி இருந்தால் லைட்ரூம் வைத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஒன்றே ஒன்று: மூலப் படத்தைத் திருத்தாதீர்கள், நகலில் திருத்துங்கள். பனமலைத் தாளகிரீசுவரர் கோயிலில் பல்லவர் காலத்துப் பார்வதி ஓவியம், மிச்சம் இருப்பதே கொஞ்சம். அதை எடுத்து வந்து வண்ணத்தை ஏற்றிவிட்டால், இன்றைக்கு அது எவ்வளவு மங்கியிருந்தது என்று பத்து வருஷம் கழித்து யாருக்கும் தெரியாமல் போகும்.

இப்போது நான் பேச வந்த விஷயம். படங்களை அடுக்கி வைக்கிற மென்பொருள். எனக்குப் பிடித்தது டிஜிகேம். ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன், இதில் நான் நடுநிலைக்காரன் இல்லை. 2001இல் ரெஞ்சி ராஜு என்பவர் தொடங்கினார். பிறகு பிரெஞ்சுக்காரரான ஜில் கோலியே பல வருஷமாகத் தாங்கி வளர்த்து வருகிறார். லினக்ஸ், விண்டோஸ், மேக், மூன்றிலும் ஓடும். ஆனால் எனக்குப் பிடித்ததற்கு இதெல்லாம் காரணம் இல்லை. படத்துக்கு நாம் எழுதுகிற பேர், ஊர், தேதி, குறிப்பு எல்லாவற்றையும் இது படக் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும். திரும்பவும் சொல்கிறேன், படத்துக்குள்ளேயே எழுதி வைக்கும். அமைப்புகளில் மெட்டாடேட்டா என்ற பகுதிக்குப் போய், கோப்பில் எழுதச் சொல்லி ஒருமுறை குறித்துவிட்டால் போதும். ரா கோப்பாக இருந்தால் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்று ஒரு துணைக் கோப்பு வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் பிரிக்காமல் சேர்த்தே நகலெடுங்கள்.

இதில் என்ன பெரிய விசேஷம் என்று கேட்கலாம். பிகாசாவை நினைத்துப் பாருங்கள். எவ்வளவு சுலபமான மென்பொருள்! கூகுள் அதை 2016 மார்ச்சில் நிறுத்திவிட்டது. படங்கள் எங்கேயும் போகவில்லை. ஆனால் அதில் பிரித்து வைத்த ஆல்பங்கள் பிகாசாவின் சொந்தக் கணக்கிலேயே இருந்தன. மொய் எழுதின நோட்டு மண்டபத்துக்காரரிடமே தங்கிவிட்ட மாதிரி. லைட்ரூமும் இயல்பாக, எழுதுவதையெல்லாம் தன் கேட்டலாக்கில்தான் வைத்துக்கொள்ளும். படத்திலும் எழுது என்று நாம் தனியாகச் சொல்ல வேண்டும். லைட்ரூம் வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கு ராத்திரியே அந்த அமைப்பைத் தேடிப் பிடித்து மாற்றிவிடுங்கள்.

படத்துக்குள்ளேயே எழுதி வைத்தது எனக்கு எப்படி உதவியது என்பதற்கு, கூத்துப் படம் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். ஆதி கோயில் செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரிதான் என்பார்கள். திருவிழா வந்தால் பாரதக் கூத்து, கடைசியில் படுகளம். அப்படி ஒரு ராத்திரியில் துரியோதன வேஷக்காரர் ஒருவரை, அரிதாரம் பூசிக்கொண்டிருக்கும்போதே எடுத்தேன். அவர் பேரையும் ஊரையும் கேட்டு, அன்றைக்கே படத்தில் எழுதினேன். ரொம்ப நாள் கழித்து அவருடைய பேரன் வந்தார். தாத்தா காலமாகிவிட்டார், வேஷத்தில் ஒரு படம்கூட வீட்டில் இல்லை என்றார். டிஜிகேமில் முகத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கிற வசதியும் இருக்கிறது. ஆனால் கிரீடமும் மீசையும் முகம் நிறைய அரிதாரமுமாக இருந்தால் அந்த வசதி என்ன செய்யும்? கைவிரித்துவிட்டது. தேடலில் பேரைத் தட்டினேன், வந்துவிட்டது. பேர் தமிழில் இருந்தது, தமிழிலேயே தேடினேன்.

தமிழில் எழுதும்போது ஒரு நுணுக்கம். குறிச்சொல் எழுதுவதற்கு ஐபிடிசி என்று ஒரு பழைய முறை உண்டு. அதில் ஒரு சொல்லுக்கு 64 பைட்டுதான் இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். யூனிகோடில் நம் எழுத்து ஒன்றுக்கு மூன்று, மெய்ப்புள்ளிக்கும் கால்களுக்கும் கொம்புக்கும் தனியாக மும்மூன்று. 'திருவக்கரை கல்மரப் பூங்கா' என்று எழுதினால் 71 பைட் ஆகிறது. பழைய மென்பொருளில் வால் அறுந்துவிடலாம். முன்னே சொன்ன எக்ஸ்எம்பி, எழுதுகிற முறைக்கும் பேர்தான்; அதில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதனால் தேர்ந்தெடுக்கிற மென்பொருள் எக்ஸ்எம்பியில் எழுதுகிறதா என்று பாருங்கள். டிஜிகேம் எழுதும். குறிச்சொற்களைக் கிளையாகவும் பிரித்துக்கொள்ளலாம். 'விழுப்புரம்' என்று ஒன்று, அதற்குக் கீழே 'மண்டகப்பட்டு', 'தளவானூர்', 'கழுவேலி'. கழுவேலிக்குக் கீழே பூநாரை, கூழைக்கடா. ஒரே உட்காரலில் எல்லாவற்றுக்கும் எழுத நினைக்காதீர்கள், அலுத்துவிடும். அன்றைக்கு எடுத்ததை அன்றைக்கே எழுதுங்கள்.

டிஜிகேமில் குறையே இல்லையா என்றால், உண்டு. திரை முழுக்கப் பொத்தான்கள், முதல் முறை பார்த்தால் மிரட்டும். படங்கள் நிறையச் சேர்ந்துவிட்டால் பழைய கணினியில் கொஞ்சம் திணறும். தனியாக மல்லுக்கட்ட வேண்டாம். விழுப்புரத்திலேயே குனு லினக்ஸ் பயனர் குழு ஒன்று பல வருஷமாக இயங்குகிறது, கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகவே கட்டற்ற மென்பொருள் சொல்லித்தருகிறார்கள். அவர்கள் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து கேளுங்கள்.

இன்னொன்று, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உள்ளே எழுதினதெல்லாம் உதிர்ந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அப்படியே போய்ச் சேரும்.

எந்த மென்பொருளை எடுத்தாலும் முதலில் ஒரு சோதனை வையுங்கள். ஒரே ஒரு படத்துக்கு 'திருவக்கரை கல்மரப் பூங்கா' என்று குறிச்சொல் எழுதுங்கள். பென் டிரைவில் போட்டு, அடுத்த வீட்டுக் கணினியில், வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். 'பூங்கா' வரைக்கும் முழுசாக வந்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், கழுவேலியில் பூநாரை கூட்டங்கூட்டமாக இறங்குகிற பருவத்துக்கு முன்னாலேயே மாற்றிவிடுங்கள்.