பழங்கதவின் வர்ணம் களைதல்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் முதலிய ஊர்களின் பழைய வீடுகளில், பர்மாத் தேக்கினாற் செய்த நிலைகளும் கதவுகளும் சன்னல்களும் இன்றும் உறுதி குலையாது நிற்பதனை யாவரும் அறிவீர். அவற்றுட் பலவற்றின்மீது பின்னோர் எனாமல் பெயிண்டை அடுக்கடுக்காகப் பூசி உளிவேலையை மூடிவிட்டனர். வீட்டிற் கல்யாணம் வருமாயின் அதனைக் களைய ஆள் தேடுகின்றோம். தேடுதல் நன்றே. ஆயின், ஒரே நாளில் முடிப்பதாகச் சொல்லி ஊதுவிளக்கும் சுழலும் உப்புத்தாட் பொறியும் கொண்டு வருவோரைக் காணின் எமக்கு அச்சமே உண்டாகின்றது.

அச்சத்தின் காரணம் ஈயம். நிறத்திற்காகவும் விரைந்து உலர்வதற்காகவும் பழைய பெயிண்டுகளில் ஈயம் கலந்தனர். வீட்டுப் பெயிண்டில் பத்து இலட்சத்தில் 90 பங்கிற்கு மேல் ஈயம் கூடாதென்னும் விதி, நம் நாட்டில் 2017 நவம்பர் 1 முதலே நடைமுறைக்கு வந்தது. ஆகலின் அதற்கு முற்பட்ட பூச்சு எதனையும் ஈயமுடையதென்றே கொள்ளல் வேண்டும். (தாய்மார் மயங்கற்க: கலப்பில்லாத ஈயச்சொம்பு வெள்ளீயம், அது வேறு உலோகம். யாம் கூறுவது காரீயம்.)

உலரவே உராய்ந்தால் ஈயத்தூள் தரையிற் படியும். தவழும் குழந்தை அக்கையை வாயில் வைக்கும். தீயாற் சுட்டால் நச்சுப்புகை எழும். சிறுவர் உடலிற் சேரும் ஈயம் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். குன்றியது மீள்வது அரிது. பாடம் ஏறாத பிள்ளையை மந்தன் என்று வைவோர் இதனையும் சிறிது எண்ணுக.

பின் என் செய்வது? பூச்சு உரியாது நன்னிலையில் இருப்பின் வாளா விடுதலும் ஒரு வழியே. களைந்தே ஆகவேண்டுமெனின், குழந்தைகளையும் கருவுற்ற மகளிரையும் வேறு வீட்டில் இருத்துக. கதவைக் கழற்றி முற்றத்திற்கு வெளியே தடித்த விரிப்பின்மேற் கிடத்தி, நீர் தெளித்து நனைத்து நனைத்து, மரத்தின் இழையோட்டத்தின் வழியே சுரண்டுக. கொடியும் யாளியும் செதுக்கிய இடத்தில் இரும்பு புகலாகாது. மூங்கிற் சிம்பே போதும். காஸ்டிக் சோடாவில் முழுக்கினால் பூச்சு போம். தேக்குங் கறுக்கும், நார் எழும், பொருத்துகள் நெகிழும். பெயிண்டு ரிமூவர் வாங்குவோர் மெத்திலீன் குளோரைடு இல்லாததையே கேட்டு வாங்குக. அடைத்த அறையில் அதன் ஆவியால் உயிர் துறந்த தொழிலாளர் உண்டு.

சுரண்டிய செதிளைப் பையிற் கட்டுக, அடுப்பில் இடற்க. துடைப்பம் வேண்டா, ஈரத்துணி கொள்க. தச்சருக்கு நுண்தூள் தடுக்கும் முகமூடி வாங்கித் தருதல் வீட்டுடையார் கடன். கைகழுவாது அவர் உண்ணலும் ஆகாது.

இறுதியில் ஆளிவிதை எண்ணெய் பூசுவோர், அவ்வெண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் எறியற்க. அது தானே சூடேறித் தீப்பற்றும். வெளியில் விரித்து உலர்த்துக.