பெயரே குற்றமா?

(திண்டுக்கல்லில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



நமது ஊருக்குப் பெயர் எப்படி வந்தது என்று ஒரு சிறு பையனைக் கேட்டாலும், கோட்டை மலையைக் காட்டி, திண்டு போன்ற கல், அதனால் திண்டுக்கல் என்று சொல்லிவிடுவான். புராணக்காரர் சொல்லுவதை விட்டுத் தள்ளுவோம். மனிதர்களின் கூட்டத்துக்கும் இப்படிப் பெயர் வருவதுண்டு. அமெரிக்காவின் மேற்குக் கோடியில், வாஷிங்டன் நாட்டில், நிஸ்குவாலி என்று ஒரு பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். தங்கள் பாஷையில் அவர்கள் ஸ்குவாலி-அப்ஷ். புல்வெளி நாட்டார் என்பது பொருளாம். 1854ல் வெள்ளைக்காரன் ஒப்பந்தம் எழுதி அந்தப் புல்வெளியைப் பிடுங்கினானே தவிர, அந்தப் பெயரையே குற்றமாக்கவில்லை.

நம் பக்கத்திலோ அதுவும் நடந்தது. கள்ளர் என்ற பெயருக்குக் களவு செய்பவர் என்று ஒருவர் பொருள் சொல்லுகிறார். கரியவர் என்று மற்றொருவர் வாதிக்கிறார். பண்டிதர்கள் சண்டை ஒருபுறம் இருக்கட்டும். 1871ல் வடநாட்டில் செய்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911ல் சென்னை ராஜதானிக்கும் வந்தது. பிறமலைக் கள்ளனாகப் பிறந்தவன் எதையும் திருட வேண்டியதில்லை, பிறந்ததே போதும். விரல் ரேகை கொடுக்க வேண்டும். ராத்திரியில் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். ரேகை கொடுக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3ந் தேதி பெருங்காமநல்லூரில் துப்பாக்கியால் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண்பிள்ளை உட்படப் பலர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிய 1947 ஆயிற்று.

இது வெள்ளைக்காரன் புதிதாகக் கண்டுபிடித்த அக்கிரமமா? பிறப்பைக் கொண்டு ஒருவன் யோக்கியதையை முடிவு கட்டுகிற வித்தையை மனுதர்மம் எவ்வளவோ காலத்துக்கு முன்பே செய்துவைத்திருக்கிறது. இவன் அதற்கு ஒரு ரிஜிஸ்தரும் மைப்பெட்டியும் சேர்த்தான், அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் ஏற்பட்ட கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி ஜில்லாக்களிலும் நமது திண்டுக்கல் ஜில்லாவிலும் உண்டு. பள்ளிகளின் பெயரில் ஜாதி வேண்டாமென்று 2024ல் நீதிபதி சந்துரு குழு சொல்லிற்று. பெயர் போனால் உரிமையும் போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் பயத்தை நாம் கேலி செய்யமாட்டோம். உரிமையைச் சட்டத்தில் எழுதி வைத்துக்கொண்டு, போர்டிலுள்ள ஜாதியை அழிக்கலாம் என்பதே நமது அபிப்பிராயம்.

1929ல் செங்கற்பட்டு மகாநாட்டில் ஜாதிப் பட்டத்தை விடும்படி தீர்மானம் செய்தோம். பட்டத்தை விட்டவர்கள் நாக்கை விட்டார்களா? தோல் ஷாப்பில் வேலை செய்கிற தோழரை, அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்க, ஜாதியைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். நாளைக் காலையில் அவர் பெயர் என்னவென்று கேளுங்கள்.