நம்பி ஏறும் வான்



உடுப்பிட்டியில் எங்கள் ஒழுங்கை விடியற்காலை நான்கு மணிக்கே விழித்துக்கொள்ளும். கோயில் மணியோ சேவலோ அதற்குக் காரணமன்று. என் தங்கையின் கணவர் தமது சாமான் வானின் திறப்பைத் திருப்பும் ஓசையே காரணம். முதல் திருப்பலில் இயந்திரம் பற்றிக்கொண்டால் அயலார் மறுபடி போர்வையை இழுத்துக்கொள்வர். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அது இருமிவிட்டு அடங்கிப்போனால் நான் எழுந்து விளக்கைப் போடுவேன். தம்புள்ளைக்குப் போகவேண்டிய வெங்காயம் வளவிலேயே கிடக்கப்போகின்றதோ என்ற ஐயம் எனக்கு அப்போதே தொடங்கிவிடும். ஏனெனில் அந்த வானின் பதிவுப் புத்தகத்தில் சொந்தக்காரர் என எழுதப்பட்டிருக்கும் பெயர் என்னுடையது.

நான் கலைப் பட்டதாரி. அரசாங்கப் பாடசாலையொன்றின் அதிபர். இயந்திரநூல் கற்றவனல்லன். ஆயினும், ஒரு வானை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற பாடத்தைப் பல ஆண்டுகளாகக் காசு கொடுத்துப் படித்தவன் என்ற உரிமையோடு இன்று உங்களிடம் பேசுகின்றேன். எங்கள் வானின் பெயரை மாத்திரம் சொல்லமாட்டேன். சொன்னால் அது விளம்பரமாகும், அல்லது பழியாகும். வானொலிக்கு இரண்டும் பொருந்தா.

எங்கள் பகுதியில் நம்பிக்கையான வண்டி எது என்று முதியவர்களைக் கேட்டால், பெரும்பாலோர் ஒஸ்ரின் ஏ-40 என்பர். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் 1947ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது அது. 1200 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் ஏறத்தாழ நாற்பது குதிரைவலுவும் உடைய இயந்திரம். காராகவும் வானாகவும் அது வந்தது. என் பெரியப்பாவிடம் அந்த வான் ஒன்று இருந்தது. புகையிலையும் வெங்காயமும் வாழைக்குலையும் ஏற்றி, வல்லை வெளியைக் கடந்து யாழ்ப்பாணம் போய் வரும். பற்றறி இறந்தாலும் முன்பக்கத்திற் கைபிடியைச் செருகிச் சுற்றினால் கிளம்பிவிடும். பழுது வந்தால் மூடியைத் திறந்தவுடன் எல்லா உறுப்பும் கண்முன்னே தெரியும். கையும் உள்ளே போகும்.

1990 யூனில் போர் மறுபடி மூண்டபின், குடாநாட்டுக்குப் பெற்றோலும் பற்றறியும் உதிரிப் பாகங்களும் வருவது தடைப்பட்டது. புதிய கார்கள் கொட்டிலுக்குள் முடங்கின. கிழட்டு ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. இதனை ஏதோ மாயவித்தை போலச் சொல்வாருண்டு. மாயம் ஒன்றுமில்லை. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த இயந்திரத்தில் அது பற்றிக்கொள்வதில்லை. ஆகவே காபரேற்றருக்குள் சிறிதளவு பெற்றோலை ஊற்றிக் கிளப்பி, இயந்திரம் நன்கு சூடேறியபின் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்துவிடுவர். அழுத்த விகிதம் மிகுந்த இயந்திரத்தில் இவ்வெண்ணெய் ஒழுங்கின்றி வெடித்து, உள்ளே சம்மட்டியால் தட்டுவது போலத் தட்டி அதனைக் கெடுத்துவிடும். ஏ-40இன் அழுத்த விகிதமோ ஏறக்குறைய ஏழுக்கு ஒன்று. இக்காலத்துப் பெற்றோல் கார்களில் அது பத்தையொட்டியும் அதற்கு மேலும் இருக்கும். அந்தப் பழைய வண்டியின் வலிமைக்குறைவே அன்று அதற்குக் கைகொடுத்தது என்று சொன்னாலும் தவறில்லை.

அதற்கு விலையும் கொடுக்கவேண்டியிருந்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழே கசிந்து இயந்திர எண்ணெயோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். பிளக்குகளிற் கரி படியும். பெரியப்பா மாலைதோறும் திண்ணையில் ஒரு சாக்கை விரித்து, நான்கு பிளக்குகளையும் கழற்றி வைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்ப்பார். பக்கத்திலிருந்து நான் சைக்கிளின் பின்சில்லை நிலத்தினின்று உயர்த்தி நிறுத்திப் பெடலைச் சுற்றுவேன். டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி செய்தி சொல்லும். இந்தப் பேச்சைக் கேட்கும் வடமராட்சி நேயர் பலருக்கு அந்தப் பெடலின் நினைவு இன்னும் காலில் இருக்கும் என நினைக்கின்றேன்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டுப் புறப்பட்டார்கள். எங்கள் உறவினர் இரு குடும்பத்தார் நடந்தே சாவகச்சேரிக்கு வந்து சேர்ந்திருந்தனர். அவர்களை அழைத்துவரப் பெரியப்பா நெல்லியடியால் கொடிகாமத்துக்கு இறங்கிப் போனார். நானும் கூடப் போனேன். கிளப்புவதற்கென அவரிடம் இருந்த பெற்றோல் ஒரு சிறு மருந்துப் போத்தல் அளவே. இயந்திரம் ஆறிவிட்டால் அதுவே கதி. ஆகவே சாவகச்சேரியில் வண்டியை நிறுத்திய அவ்வளவு நேரமும் அவர் இயந்திரத்தை அணைக்கவில்லை, ஆசனத்தை விட்டு இறங்கவுமில்லை. ஒரு காலை அக்சிலேற்றரில் வைத்தபடியே, ‘ஏறுங்கோ, ஏறுங்கோ’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெங்காயம் ஏற்றும் பலகையின்மேல் பதின்மூன்று பேர் ஏறினார்கள். வண்டி நிற்கவில்லை. நம்பிக்கைக்குரிய வான் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கால்தான்.

இனி என் வானுக்கு வருவோம். போர் 2009இல் முடிந்து ஏ-9 வீதி திறந்தபின், வடமராட்சி வெங்காயம் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குத் தடையின்றிப் போகத் தொடங்கிற்று. உடுப்பிட்டியிலிருந்து அங்கு போக ஏறக்குறைய 250 கிலோமீற்றர். திரும்பி வரும்போது கரற்றும் லீக்சும் ஏற்றி வரலாம். 2012இல் மச்சான் வான் வாங்க விரும்பினார். அவருக்கு நிலையான சம்பளம் இல்லை, எனக்கு உண்டு. லீசிங் கொடுப்பவர்கள் சம்பளத்தைத்தான் நம்புவார்கள். எனவே நான் கையொப்பமிட்டேன். யப்பானில் ஏற்கெனவே ஓடி, இங்கு வந்திறங்கிய டீசல் வான் அது. மீற்றர் காட்டிய கிலோமீற்றர் மிகக் குறைவு. கிளச் மிதியின் றப்பரோ தேய்ந்து வழுக்கையாக இருந்தது. மீற்றரைத் திருப்பலாம், மிதியின் தேய்வைத் திருப்ப முடியாது என்பது பின்னர் தெரிந்த பாடம். இயந்திரத்தினுள் ஓடும் நேரப்பட்டியை உடனே மாற்றும்படி நெல்லியடி மெக்கானிக் சொன்னதைக் கேட்டேன். அது நல்லதாயிற்று. அந்தப் பட்டி அறுந்தால் வால்வும் பிஸ்ரனும் மோதி, ஒரு நொடியில் இயந்திரம் பாழாகிவிடும்.

இரண்டு ஆண்டு ஒழுங்காக ஓடிற்று. 2014 பங்குனியில், ஓர் இரவு, மாங்குளம் தாண்டிக் கனகராயன்குளத்தை நெருங்கும்போது வெப்பமுள் சிவப்புக்கு ஏறி, கஸ்கற் வெடித்து, வான் காட்டுக்குள் நின்றது. மறுநாள் வவுனியாவுக்கு இழுத்துச் சென்றார்கள். சாக்குக்குள் இரண்டு நாள் படங்கின் கீழ்க் கிடந்த சின்ன வெங்காயம் வியர்த்து அழுகத் தொடங்கிற்று. கிடைத்த காசு ஏற்றுக் கூலிக்கும் காணாது. கடன் கொடுத்தவருக்கு வான் ஓடினாலென்ன, நின்றாலென்ன? தவணைப் பணம் மாதம் பிறந்தவுடன் போகவேண்டும்.

நான் தங்கை வீட்டுக்குப் போய், அவளும் பிள்ளைகளும் கேட்கும்படியாக, ‘சுமை கூட ஏற்றி, முறுக்கி ஓடினால் எந்த வான் தாங்கும்?’ என்று மச்சானைக் கேட்டேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. இரண்டு கிழமை எங்களுக்குள் பேச்சில்லை.

பின்பு வானைத் திறந்த நெல்லியடி மெக்கானிக் என்னை வரச்சொன்னார். ‘மாஸ்ரர், வீட்டிலை கேத்திலுக்குள்ளை பாத்திருக்கிறியளோ?’ என்று கேட்டுக்கொண்டே றேடியேற்றரின் மேற்பாகத்தைக் காட்டினார். மெல்லிய குழாய்களின் வாயெல்லாம் வெள்ளைக் கல். எங்கள் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் இருப்பது. மழைநீர் அக்கல்லைக் கரைத்துக்கொண்டே கிணற்றுக்கு வருகின்றது. குடிக்க நன்றாயிருக்கும் அந்த நீரைக் காய்ச்சினால் சுண்ணாம்பு பிரிந்து படியும். கேத்திலின் அடியில் அதனைக் காணாத யாழ்ப்பாணத்து வீடு இல்லை. றேடியேற்றரும் ஒரு கேத்தில்தானே!

‘ஆர் மாஸ்ரர் கிணத்துத் தண்ணி விட்டது?’ என்று அவர் கேட்டார். நான்தான் விட்டேன். இரண்டு ஆண்டுகளாகக் காலைதோறும், சொந்தக்காரன் என்ற பெருமையோடு, செம்பிற் கிணற்றுநீர் மொண்டு நான் என் கையாலேயே விட்டேன்.

பாடசாலை முடிந்து நேரே தங்கை வீட்டுக்குப் போனேன். மச்சான் முற்றத்தில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். சொல்ல எடுத்த நேரம் ஒரு நிமிடமும் இராது. முப்பது ஆண்டுகளாக வகுப்பில் நின்று பேசுகின்றேன், அதுபோலக் கடினமான பேச்சு எனக்கு அமையவில்லை. அவர் ஊசியை நூலில் குத்தி வைத்துவிட்டு, ‘சரி அத்தான், இனி மழைத்தண்ணி பிடிச்சு வைப்பம்’ என்றார். தங்கை தேத்தண்ணி வைக்கப் போனாள். இப்போது கராஜில் விற்கும் கூலன்ற் என்னும் குளிர்திரவத்தையே விடுகின்றோம்.

எல்லாக் குற்றமும் சொந்தக்காரருடையதே என்று சொல்லவரவில்லை. இவ்வகை வான்களில் சாமானுக்கு இடம் மிச்சம் பிடிப்பதற்காக இயந்திரத்தை முன்னாசனத்தின் கீழே வைத்துவிட்டார்கள். எண்ணெய் அளவு பார்க்கவும் ஆசனத்தைத் தூக்கவேண்டும். தூக்கச் சிரமமானதை மனிதன் தூக்குவதில்லை. பெரியப்பாவின் ஒஸ்ரின் தன் நோயைத் தானே சொல்லும். இது நோயை இருக்கைக்குள் ஒளித்து வைத்திருக்கின்றது.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு பகை உப்புக்காற்று. தொண்டைமானாற்று ஏரியின் அருகே மரமில்லாத வல்லை வெளியில் காற்று சில மாதங்களில் வண்டியையே பக்கவாட்டில் தள்ளும். அந்தக் காற்றின் உப்பு அடிச்சட்டத்திலும் பிறேக்குக் குழாய்களிலும் படிந்து துருவாகின்றது. வானின் மேற்பூச்சைத் துடைத்துப் பளபளப்பாக்கும் நம்மவர், அடிப்புறத்துக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றுவதில்லை. நானும் ஊற்றியதில்லை, ஒரு குழாய் பொத்துப் பிறேக் மிதி தரைவரை போன நாள் வரை.

இக்காலத்தில் ஒழுங்கைகளில் மிகுதியாகக் காண்பது ‘பட்டா’ என்று நாம் அழைக்கும் சிறு வண்டி. 2005இல் இந்தியாவில் ரற்றா ஏஸ் என்ற பெயரில் வெளிவந்தது அது. தொடக்கத்தில் வந்தது இரண்டே சிலிண்டர், முக்கால் தொன் சுமை. அதில் ஒன்றரைத் தொன் ஏற்றிவிட்டு, ‘இந்தச் சாதி வண்டி நெடுகப் பழுது’ என்று சொல்வாரைக் கேட்டிருக்கின்றேன். அவ்வண்டிக்கு வாய் இருந்தால் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. மறுபடி திறக்க 2025 ஆயிற்று. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வானின் விலை ஏறிற்று, உதிரிப் பாகத்தின் விலை அதனிலும் விரைவாக ஏறிற்று. நாங்கள் விற்கவும் முடியாமல் மாற்றவும் முடியாமல் இருந்ததையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். மொறிஸ் மைனருக்குரிய பாகங்களை இலங்கையிற் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிய காலமும் உண்டு. அந்தக் கைத்திறன் நம் கராஜ்களில் இன்னும் இருப்பதாலேயே பல வான்கள் உயிரோடிருக்கின்றன.

2022இல் வான் நலமாயிருந்தது, டீசல் இல்லை. கியூ.ஆர். முறை வந்தபோது வானுக்குக் கிழமைக்குக் கிடைத்தது 20 லீற்றர். தம்புள்ளைக்குப் போய்வர எங்களுக்கு வேண்டியது 50 லீற்றர். இரண்டரைக் கிழமைக்கு ஒரு பயணம் என்று கணக்கு வரும், ஆனால் வெங்காயம் கணக்குப் பார்த்துக் காத்திருப்பதில்லை. மச்சான் நெல்லியடிச் சந்தையோடு நிறுத்திக்கொண்டார். மிகுதி நாளெல்லாம் நின்ற வானின் பற்றறி இறந்தது.

இப்போது இறக்குமதி திறந்துவிட்டது. தவணையும் எப்போதோ முடிந்துவிட்டது. சென்ற மாதம் ஒருவர் எங்கள் வானை விலை கேட்டு வந்தார். மச்சான் அவரை ஆசனத்தைத் தூக்கிப் பார்க்கவிட்டார், அடியிலுள்ள துருவைக் காட்டினார், கஸ்கற் வெடித்த கதையையும் ஒளிக்காமற் சொன்னார். வந்தவர் அப்படியிருந்தும் நல்ல விலையே சொன்னார். ‘வானின்ரை சொந்தக்காரர் அத்தான்தான், அவரைக் கேளுங்கோ’ என்று மச்சான் அவரை என் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். ஒரு கிழமை தவணை கேட்டேன். அது முடிந்து இரண்டு கிழமையாகின்றது. இன்று காலை வான் முதல் திருப்பலிலேயே கிளம்பிற்று.